ஐந்து ரூபாய்க் குத்தியும் கலியாணப் பவுனும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் மீன் வெட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தர்ஷினி தொலைபேசி எடுத்தாள். வெள்ளவத்தையில் நான் முப்பத்திரண்டு வருடம் காசாளராக இருந்த வங்கிக் கிளையில், என்னுடைய அதே கவுண்டரில் இப்போது இருப்பவள் அவள்தான்.

"சரோ மிஸ், இந்தச் சனத்தோட என்னால ஏலாது. ஆரோ வீடியோ போட்டிருக்கினம், பழைய சதக் குத்திக்கு லட்சக்கணக்கில சல்லி கிடைக்கும் எண்டு. டின்னும் போத்தலுமா வந்து நிக்கினம். வழக்கமாக் கேக்கிற கேள்வியளுக்கு நீங்க பதில் எழுதித் தாங்கோ. நான் போட்டோகொப்பி அடிச்சு ஒட்டிவிடுறன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. கணவர்கூடச் சாப்பாட்டுக்கு என்ன கறி என்று மட்டும்தான் கேட்கிறார். மீனை அப்படியே போட்டுவிட்டு, கையைத் தேசிக்காய் போட்டுக் கழுவி, ஒரு கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன்.

ஒரு சதம், இரண்டு சதம் நாணயக் குத்தி இன்னும் செல்லுமா? சட்டத்தில் செல்லும், கடையில் செல்லாது. கடைக்காரரிடம் சட்டம் கதைக்கப் போனால் உங்கள் பாணும் பருப்பும் அங்கேயே கிடக்கும். சதுரமான ஐந்து சதமும், பூப்போல விளிம்பு வளைந்த பத்துச் சதமும் அருமையான சாமானா? பார்க்க வடிவு, அவ்வளவுதான். எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இராணியின் தலை போட்ட குத்தி கோடிக்குப் போகுமா? போகுமென்றால் நான் கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருக்க மாட்டேன், என்னிடம் ஏழு இருக்கிறது. கறுத்த குத்தியைப் புளி போட்டு மினுக்கினால் விலை கூடுமா? குறையும். புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்து வைத்த சில்லறையை வங்கி வாங்குமா? வாங்கும், ஆனால் தயவுசெய்து வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டுவராதீர்கள்.

இவ்வளவும் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். பிறகு பேனை தானாகவே வேறு பக்கம் போய்விட்டது. தங்கப் பவுனைத் தவறுதலாக ஐந்து ரூபாய்க் குத்தியோடு சேர்த்து வங்கியில் கட்டிவிட்டால் திருப்பித் தருவீர்களா என்று என்னுடைய சேவைக் காலத்தில் ஒரே ஒரு மனிதர் கேட்டார். அந்த ஒரு கேள்வி என் நல்ல பெயரையே கொண்டுபோகப் பார்த்தது. தர்ஷினி கேட்காததுதான், ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. முதல் ஆறு மாதம் நோட்டைத் தொட விடவில்லை, குத்தி மட்டும்தான். ஒரு கையால் தள்ளி மறு கையால் வாங்க வேண்டும். இருபது இருபதாக அடுக்கி, அடுக்கின் தலையை உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் முடிந்தபோது என் விரல்களுக்குத் தனி மூளை வந்துவிட்டது. நான் வாடிக்கையாளரோடு ஊர்க்கதை கதைத்துக்கொண்டே எண்ணுவேன். பிழையான குத்தி ஒன்று வந்தால் விரல் தானாகவே அதை ஒதுக்கிவிடும். கிளையில் எனக்குச் "சில்லறை மிஸ்" என்று பட்டம். மற்றவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள், நான் கிரீடமாகவே வைத்துக்கொண்டேன். எண்ணிக்கையில் ஒரு நாள்கூட என் கை பிழைத்ததில்லை என்று போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாய் சும்மா இருந்ததே இல்லை.

எங்கள் முகாமையாளர் ஜெமீல் சேர். மாளிகாவத்தைக்காரர், மெலிந்த ஆள், முழுக்கை சேட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தலைபோகிற பிரச்சினை என்று நாங்கள் ஓடிப் போனாலும், முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு மூன்று கேள்வி கேட்பார். "என்ன நடந்த? ஆரு கண்ட? எதுல எழுதீக்குது?" எப்போதும் இந்த மூன்றுதான், எப்போதும் இந்த ஒழுங்குதான். இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும்வரை மூன்றாவதற்குப் போகமாட்டார். எங்களுக்கு உயிர் போகும். கழிவறைக் குழாய் வெடித்த அன்றுகூட, தண்ணீர் அவருடைய சப்பாத்தைத் தொட்ட பிறகும், ஆரு கண்ட என்றுதான் கேட்டார்.

கதை நடந்தது ஐந்து ரூபாய்க் குத்தி மஞ்சளாகவும் தடிப்பாகவும் இருந்த காலத்தில். கிளைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிச் சிவபாதம் ஐயாவின் பலசரக்குக் கடை இருந்தது. அவருடைய மூத்த மகனுக்குக் கலியாணம் நிச்சயமாகி, அன்றைக்குப் பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டில் பத்தர் வந்திருந்து, நல்ல நேரத்தில் நெருப்பு மூட்டித் தாலிக்கான தங்கப் பவுன் காசை உருக்க வேண்டும். நல்ல நேரம் பத்தே முக்காலிலிருந்து பதினொன்று இருபது வரை. பவுனை முதல் நாளே கோயிலில் வைத்துப் பூசை செய்து, சந்தனமும் குங்குமமும் அப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். கொண்டுவந்ததை ஐயா வீட்டு அலுமாரியில் வைக்கவில்லை. கடையில் இலட்சுமி படத்துக்குக் கீழே இருக்கும் காசுப் பெட்டியில் வைத்திருக்கிறார். அதிர்ஷ்டமான எதுவும் ஓர் இரவாவது அந்தப் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது அவருடைய வழக்கம். மகன் பிறந்தபோது சாதகத்தைக்கூட அதற்குள் வைத்தவர். வைத்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பலன் போய்விடுமாம்.

காலையில் கடையைத் திறந்தது ஐயாவின் மைத்துனர் கணேசு. மாப்பிள்ளையின் தாய்மாமன். நாற்பது வயது, நல்ல மனுசன், குடும்பத்தில் ஒருவரும் அவரை ஒரு வசனம் முடிக்க விட்டதில்லை. கலியாண வேலையென்று கடையை மதியம் பூட்டப் போகிறோமே, சில்லறையையும் கட்டிவிடுவோம் என்று நல்லெண்ணத்தில் பெட்டியில் கிடந்த மஞ்சள் குத்தி அத்தனையையும் பையில் கொட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு என் கவுண்டருக்கு வந்தார். நான் எண்ணினேன். குத்தியில் ஒட்டியிருந்த மிளகாய்த்தூளால் தும்மல் வந்தது, கலியாணக் கதை கேட்டேன், சாப்பாடு ஆரிடம் என்று கேட்டேன், எண்ணி முடித்துச் சிட்டையில் கையெழுத்து வைத்தேன். வேறு கடைகளின் ஐந்து ரூபாய்க் குத்திகளோடு சேர்த்து மூன்று துணிப்பைகள் கட்டி, வாயைச் சுருக்கி, அரக்கு வைத்து முத்திரை குத்தினோம். பத்தரைக்கு அவற்றை ஏற்றத் தலைமைக் காரியாலய வான் வரும்.

பத்து மணிக்குச் சிவபாதம் ஐயா வந்தார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் மூன்று குறி, காலில் செருப்பு இல்லை. பின்னால் கணேசு.

"மிஸ்! என்ர பவுன்!"

"என்ன பவுன் ஐயா?"

"பொன்னுருக்குப் பவுன்! இந்த விசரன் சில்லறையோட கொண்டந்து உங்களிட்டைக் கட்டிப்போட்டான்!"

"மச்சான், நான் என்ன சொல்ல வாறன் எண்டால்..." என்றார் கணேசு.

"நீ வாயை மூடு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு பவுன் ஐந்து ரூபாயாகக் கட்டப்பட்டு, அரக்கு முத்திரையோடு மூலையில் குந்திக்கொண்டிருக்கிறது என்று நினைக்க வயிறு குலுங்கியது. ஓடிப்போய் ஜெமீல் சேரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். வெளியில் ஐயா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார்.

"என்ன நடந்த?"

சொன்னோம்.

"பவுன் பைக்குள்ள போனத ஆரு கண்ட?"

ஒருவரும் காணவில்லை. சேர் மூன்றாவது கேள்விக்குப் போகாமல் அப்படியே நின்றுவிட்டார். முத்திரை வைத்த பையைத் திறப்பது விளையாட்டில்லை. இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும், திறந்த பிறகு ஒரு குத்தி குறைந்தாலும் கையெழுத்து வைத்தவர் தலையில்தான் விடியும். இருந்தாலும் சேர் பதிவேட்டை விரித்துப் பேனையைத் திறந்தார்.

"காரணம் எண்டு ஒரு கட்டம் ஈக்குது. என்னத்த எழுதுற? கலியாணம் எண்டா?"

"எழுதுங்கோ சேர்! எழுதுங்கோ!" என்றார் ஐயா.

எழுதினார். இரண்டாவது கையெழுத்து நான் வைத்தேன். முத்திரை உடைத்தோம்.

மேசையில் கொட்டினால் உருண்டுவிடும் என்று தரையில் கொட்டத் தீர்மானித்தோம். தரையில் எதை விரிப்பது? ஐயா தன்னுடைய பட்டுச் சால்வையைக் கழற்றி விரித்தார். மூன்று பை ஐந்து ரூபாயும் சால்வையில் மலையாகக் குவிந்தது. நானும் கிளையில் வேலைசெய்த இரண்டு பிள்ளைகளும் குந்தியிருந்து தேடத் தொடங்கினோம். வரிசையில் நின்ற சனம் எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து குந்தினார். பிறகு ஒரு லோயர், கழுத்துப்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு. பிறகு இன்னும் நாலு பேர். சேர் தடுக்கவில்லை, எழும்பிப் போகும்போது எல்லோரும் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"தங்கம் எண்டால் சத்தம் வேற. போட்டுப் பாருங்கோ," என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான். ஆளுக்கொரு குத்தியைத் தூக்கித் தூக்கிச் சீமெந்தில் போட்டார்கள். கிளை முழுக்கக் கிலுகிலுப்பை. தொலைபேசியில் ஐயாவின் மனைவி, பத்தர் நெருப்பு மூட்டிவிட்டார் என்று கத்தினார். ஐயாவும் கத்தினார். காவலாளி சோமே ஐயே, சிங்களத்தில் ஒவ்வொரு ஐந்து நிமிடமும் மணி சொல்லிக்கொண்டு நின்றார். பத்தரைக்கு வான் வந்தது. துப்பாக்கியோடு இறங்கி வந்த இருவரும் வாசலிலேயே திகைத்து நின்றார்கள். கொள்ளையா, பூசையா என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

"ஐயா, பக்கத்தில நாலு நகைக்கடை கிடக்கு. வேறொண்டு வாங்கி உருக்குங்கோவன்," என்று லோயர் சொன்னார்.

"பூசை பண்ணின பவுனைத் துலைச்சுப்போட்டு வேற பவுனில தாலி செய்யிறதோ? என்ர மனுசி என்னை வீட்டுக்குள்ள விடுவாளோ?"

"மச்சான், ஒரு நிமிசம்..."

"கணேசு! கதைக்காதை!"

குவியலை ஒரு முறை பார்த்து முடித்தோம். இல்லை. மறுபடி பார்த்தோம். ஒவ்வொன்றாக, நான் என் கையாலேயே, கதை இல்லாமல், சிரிப்பு இல்லாமல். இல்லை. பத்து ஐம்பது.

அப்போதுதான் எனக்கு விறைத்தது. பவுன் வந்திருக்கிறது என்கிறார் ஐயா. எண்ணியது நான். சிட்டையில் என் கையெழுத்து. பையில் இல்லை. பையில் இல்லையென்றால் பிறகு எங்கே? யோசிக்கத் தெரிந்த எவரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருவார்கள். குந்தியிருந்த சனம் ஒவ்வொருவராக எழும்பிக் கையை விரித்துக் காட்டிவிட்டு ஒதுங்கியது. கிலுகிலுப்பு நின்றுவிட்டது. ஐயா என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"மிஸ், பிழையா நினைக்காதேங்கோ. உங்கட ஹேண்ட்பேக்கை ஒருக்காப் பாக்கலாமோ?"

பதினைந்து வருடமாக அவருடைய காசை எண்ணியவள் நான். என் காது இரண்டும் கொதித்தன. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். பையை எடுக்க எழும்பினேன்.

"நில்லுங்க மிஸ்," என்றார் ஜெமீல் சேர்.

அவர் என் கவுண்டருக்கு முன்னால் வந்து, தன் காற்சட்டைப் பையை வெளியே இழுத்து, உள்ளிருந்ததையெல்லாம் மேசையில் வைத்தார். கைக்குட்டை. சாவிக் கொத்து. தொழுகைத் தொப்பி. நாலாக மடித்த ஒரு மருந்துச் சிட்டை. மூன்று இஞ்சி டொபி. பிறகு மற்றப் பை. பிறகு சேட்டுப் பை. காலியான பைகள் இரண்டும் இரு பக்கமும் நாக்குப்போல் தொங்க, நேராக நின்றார்.

"சாவி என்ட கையில. பெட்டகம் என்ட கையில. பாக்குறதெண்டா என்னில இருந்து பாருங்க."

பிறகு பெரிய கணக்குப்பிள்ளை மெதுவாக எழும்பித் தன் பையைத் திருப்பினார். பிறகு மற்றப் பிள்ளைகள். சோமே ஐயேயின் பையிலிருந்து எட்டு லொத்தர்ச் சீட்டும், கடதாசியில் சுற்றிய, பாதி கடித்த ரோல்ஸும் வந்தன. அந்த ரோல்ஸைப் பார்த்து ஆரோ கிக் என்று சிரித்தார்கள், அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்த சிரிப்பு எல்லாருக்கும் ஒன்றாகப் பீறிட்டது. வான்காரர்களில்கூட ஒருவர் துப்பாக்கியை மற்றவரிடம் கொடுத்துவிட்டுத் தன் பையைத் திருப்பினார். அவரை ஒருவரும் கேட்கவேயில்லை! கடைசியாக நான் என் ஹேண்ட்பேக்கைக் கவிழ்த்தேன். குடை, சாப்பாட்டுப் பெட்டி, தைலம், இனிப்பே தொடுவதில்லை என்று வைத்தியரிடம் சத்தியம் செய்திருந்த எனக்குச் சொந்தமான பாதிச் சொக்கலேட். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கால் ஓடியது. ஜெமீல் சேரைப் பார்த்து நன்றி சொல்ல வாய் திறந்தேன், அவர் அதற்குள் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

"இன்னும் ரெண்டாவது கேள்விக்கு மறுமொழி வரல்ல. தம்பி கணேசு. காச கொண்டு வந்த நீங்க. எண்ணக்குள்ள நிண்ட நீங்க. நீங்க என்ன கண்ட? செல்லுங்க."

"அவனிட்டை என்னத்தைக் கேக்கிறியள்..." என்று ஐயா தொடங்கினார்.

சேர் ஒரு விரலைத் தூக்கினார். ஐயா நிறுத்தினார். அந்த மனிதர் மைத்துனருக்காக வாயை மூடியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"சேர், நான் வீட்டிலயும் சொல்ல வெளிக்கிட்டனான், வழியிலயும் சொல்ல வெளிக்கிட்டனான், இஞ்சையும் பத்துத் தரம் சொல்ல வெளிக்கிட்டனான்," என்றார் கணேசு. "மிஸ் எண்ணேக்க ஒரு குத்தியைத் தூக்கி அங்கால போட்டவ. 'இதொரு இந்தியாக் குத்தி, செல்லாது, தரட்டோ' எண்டு கேட்டவ. நான் 'குப்பையில போடுங்கோ மிஸ்' எண்டு சொல்லிப்போட்டு, அதுக்குப் பதிலாச் சேட்டுப் பையில கிடந்த அஞ்சு ரூபாயைக் குடுத்தனான்."

ஓம், சொன்னேன். ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லுகிற வசனம் அது. தென்னிந்தியாவுக்குக் கோயில் கும்பிடப் போய் வருகிறவர்களால் வெள்ளவத்தைக் கடைகளில் இந்தியாக் குத்தி எப்போதும் வரும். கடைக்காரர் ஒருவரும் திருப்பிக் கேட்கமாட்டார். தூக்கி என் காலடியில் இருக்கும் பால்மா டின்னில் போட்டுவிடுவேன். போட்டதை அடுத்த நிமிடம் மறந்துவிடுவேன். சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்த அந்தக் குத்தி கண்ணுக்கு அழுக்காகத்தான் தெரிந்தது. ஆனால் என் விரல் பிழைக்கவில்லை. தடிப்புக் காணாது, அகலமும் கொஞ்சம் குறைவு, இது ஐந்து ரூபாய் இல்லை என்று விரல் சரியாகத்தான் சொன்னது. அதற்கு மேல் என்ன என்று பார்க்க வேண்டிய நான் கலியாணச் சாப்பாடு ஆரிடம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

டின்னைத் தூக்கி மேசையில் கவிழ்த்தேன். இந்தியாக் குத்திகள், மாலைதீவுக் குத்தி ஒன்று, இரண்டு சட்டைப் பொத்தான், ஒரு வாஷர். நடுவில் சிவப்பும் மஞ்சளுமாக ஒன்று. கட்டைவிரலால் துடைத்தேன். பவுன் காசில் இருக்கிற குதிரையும் அதன் மேல் ஆளும் பளிச்சென்று வெளியே வந்தார்கள்.

கிளையே ஆரவாரித்தது. அந்த அம்மா லோயரின் முதுகில் ஓங்கி அறைந்தார். சோமே ஐயே சிங்களத்தில் "எகொளஹாய் தஹய!" என்று மணி சொன்னார், பதினொன்று பத்து. ஐயா பாய்ந்து கையை நீட்டினார். சேர் கையை நடுவில் வைத்தார்.

"பொறுங்க. மூணாவது கேள்வி. இது எதுல எழுதீக்குது?"

நான் சிட்டையைப் பார்த்தேன். கணேசு கொடுத்த ஐந்து ரூபாயோடு கட்டின காசு சரி. பதிவேட்டைப் பார்த்தேன். டின்னில் போடுவதை ஒருவரும் எங்கேயும் எழுதுவதில்லை.

"ஒண்டிலயும் இல்ல சேர்."

"அப்ப இது எங்கட சாமான் இல்ல. எங்கட புத்தகத்துல இதுக்கு ஒரு சதமும் பெறுமதி இல்ல. எடுத்துக்கிட்டு ஓடுங்க!"

ஓடினார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிவபாதம் ஐயா காலி வீதியில் ஓடியதை வெள்ளவத்தையில் பலர் பார்த்திருப்பார்கள். கணேசு பவுனை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு முன்னால் ஓடினார். ஐயா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நின்றால் நேரம் போய்விடும் என்பது எனக்கும் தெரிந்தது. சால்வை எங்கள் தரையில் கிடந்தது. பதினொன்று பதினாறுக்குப் பவுன் நெருப்பில் விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். அன்று மாலை ஆறு மணிவரை இருந்து குவியலை எண்ணினோம். இரண்டு குத்தி கூட இருந்தது! சத்தம் பார்க்கிறோம் என்று சனம் தங்களுடைய காசையும் போட்டுப் பார்த்திருக்கிறது.

பவுன் கிடைத்த சந்தோசத்தில் இரண்டு நாள் சிரித்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள், பேருந்தில் ஜன்னலோரம் இருந்தபோது, அந்த ஒரு வசனம் திரும்ப வந்தது. உங்கட ஹேண்ட்பேக்கை ஒருக்காப் பாக்கலாமோ. கோபம் வந்தது. கோபம் போய் வெட்கம் வந்தது. பிறகு திரும்பவும் கோபம். இத்தனைக்கும் பிழை என் டின்னில்தான் இருந்தது. அது தெரிந்தும் கோபம் போகவில்லை. கலியாணக் காட் வந்தது, முழு ஊழியருக்கும் சேர்த்து, சால்வையை எடுக்க வந்த கணேசு கொண்டுவந்தார். நான் போகமாட்டேன் என்றேன். எல்லோரும் கெஞ்சினார்கள். ஜெமீல் சேர் கெஞ்சவில்லை. "வான் எட்டு மணிக்கு. உங்களுக்கு முன் சீட்டு," என்று மட்டும் சொன்னார்.

போனேன். நல்ல சாறி உடுத்திக்கொண்டு, ஹேண்ட்பேக்கை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு போனேன். வாசலில் ஐயா பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் பன்னீர்ச் செம்பு கையில் அப்படியே நின்றது. "வாங்கோ மிஸ்," என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் எங்கள் ஆட்களோடு இருந்தேன். மேளச் சத்தத்துக்கு மேலால் பெரிய கணக்குப்பிள்ளை பகிடி விட்டார், நாங்கள் சிரித்தோம், நானும் சிரித்தேன்தான்.

தாலி கட்டுவதற்கு முன் கூறைத்தட்டைச் சபைக்குக் கொண்டுவருவார்கள். கூறைச் சீலையும் அதன் மேல் தாலிக்கொடியும் இருக்கும், பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டு வாழ்த்துவார்கள். தாய்மாமன் கணேசுதான் தட்டைத் தூக்கிக்கொண்டு மணவறையிலிருந்து இறங்கினார். முதல் வரிசை முடிந்தது, இரண்டாம் வரிசையும் முடிந்தது. மூன்றாம் வரிசைக்குத் திரும்பும்போது சிவபாதம் ஐயா வாசலிலிருந்து விறுவிறுவென்று வந்து, கணேசுவின் கையிலிருந்து தட்டை வாங்கினார். நேரே என் முன்னால் வந்து நின்றார். வேர்த்திருந்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"மிஸ், இதை ஒருக்கா வைச்சிருங்கோ. ஐயர் கேக்கேக்க குடுங்கோ."

நான் தொடுவதற்காக நீட்டிய இரண்டு கையிலும் முழுத் தட்டையும் வைத்துவிட்டார். கூறைச் சீலை, தாலி, கொடி, அந்த வீட்டுத் தங்கம் எல்லாம் என் மடியில் பாரமாக இறங்கியது. மேளம் அடித்தது, சனம் எழும்பி இருந்தது, பிள்ளைகள் குறுக்கே ஓடினார்கள். எனக்குக் கண் மறைத்துவிட்டது, துடைக்கக் கை இல்லை. ஐயா சனத்துக்குள் புகுந்து, வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்க வாசல்வரை நடந்து போனார். ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.